காரணம் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களும் நம் பாஷ்ய மொழிபெயர்ப்பும்

ஸ்ரீ:

ஆங்கிலத்தில் உரைநடை எழுதப் பழக்கும் நூல்கள் ஓர் அறிவுரையைத் தவறாமல் கூறுகின்றன. ஒரே சொல்லை அடுத்தடுத்து ஆளலாகாது. ஆண்டால் வாசிப்போர்க்குச் சலிப்பு உண்டாகும். ஆதலால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை மாற்றி மாற்றி அமைக்க வேண்டும் என்பதே அது. இதன்படி, ஒரு பொருள் மற்றொன்றினின்று தோன்றியது என்றோ, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றோ சொல்ல நேரும்போது ‘பிகாஸ் ஆஃப்’, ‘ட்யூ டு’, ‘ஓயிங் டு’, ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப்’, ‘அரைஸ் ஃப்ரம்’, ‘ப்ரொஸீட் ஃப்ரம்’ முதலிய தொடர்கள் ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டப்படுகின்றன. கடிதம் எழுதுவார்க்கும் செய்தி எழுதுவார்க்கும் இது பொருந்தலாம். காரண விசாரத்தையே உயிர்நிலையாகக் கொண்ட வேதாந்த க்ரந்தங்களை ஆங்கிலப்படுத்துவோர் இவ்வறிவுரையைக் கைக்கொண்டால் விளையும் கேடு சிறிதன்று. நடையழகுக்காக மாற்றிய ஒரு சொல், ஒரு ஸித்தாந்தத்தை எடுத்து அதனிடத்தில் வேறொரு ஸித்தாந்தத்தை வைத்துவிடும்.

இதனை இப்போது ஆராய வேண்டியதன் அவசியம் வெளிப்படை. கடல் கடந்து குடியேறிய நம் குடும்பங்களின் இளந்தலைமுறையினர் பலர்க்கு ஸம்ஸ்க்ருதமும் மணிப்ரவாளமும் எட்டாதனவாயின. அவர்கள் நம் ஆசார்யர்களின் திருவுள்ளத்தை அறிவது ஆங்கிலத்தின் வழியாகவே. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லையாதலின், மொழிபெயர்ப்பே அவர்களுக்கு மூலமாகின்றது.

முதற்கண் இரண்டு இலக்கணங்களையும் நோக்குவோம். நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறினார். மலையின் இழிந்த அருவி என்பதில் நீங்கல். கல்வியிற் பெரியவர் என்பதில் ஏது. ஆகவே ‘இன்’ என்னும் ஓருருபே பிரிதலையும் காரணத்தையும் தாங்கி நிற்கின்றது. ஸம்ஸ்க்ருதத்திலும் பஞ்சமீ விபக்தியின் நிலை இதுவே. அஷ்டாத்யாயியின் முதல் அத்யாயம் நான்காம் பாதத்தில், பிரிவில் அசையாது நிற்பதை அபாதாநம் என்று 24ஆம் ஸூத்ரம் கூறுகின்றது. பிறப்பதற்குப் ப்ரக்ருதியாயிருப்பதையும் அபாதாநம் என்று 30ஆம் ஸூத்ரம் கூறுகின்றது. பதஞ்ஜலி மஹாபாஷ்யத்தில் இப்பிந்திய ஸூத்ரம் வேண்டா என்கிறார். சாணத்தினின்று தேள் பிறக்கிறது என்னுமிடத்தும் ஒருவகைப் பிரிவு உளதாதலின் முந்திய ஸூத்ரமே போதும் என்பது அவர் கருத்து. பிரிகின்றதாயின் முற்றும் அகன்றுவிடாதது ஏன் என்று தாமே வினவி, தொடர்ச்சி இருப்பதால் என்று விடையும் இறுக்கிறார். பிறப்பு என்பது தொடர்பு அறாத பிரிவு என்னும் இந்நுட்பம் வேதாந்திகளுக்கு மிகவும் வேண்டுவதாகும்.

மூன்றாம் வேற்றுமையில் நிலைமை வேறு. குடம் மண்ணால் ஆயிற்று, சக்கரத்தால் ஆயிற்று, குயவனால் ஆயிற்று என மூவிடத்தும் தமிழ் ‘ஆல்’ என்ற உருபொன்றையே கொடுக்கின்றது. முதற்கருவி, துணைக்கருவி, கருத்தா என்று உரைகாரரே பிரித்துக் காட்ட வேண்டியதாகின்றது. ஆங்கிலமோ மண்ணுக்கு ‘அவுட் ஆஃப்’ என்றும், சக்கரத்துக்கு ‘வித்’ என்றும், குயவனுக்கு ‘பை’ என்றும் தனித்தனிச் சொற்களை வைத்துள்ளது. ஆதலின் காரண பேதத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்கு வலிமையில்லை என்று நம்மவர் சிலர் கூறுவது ஏற்கத்தக்கதன்று. உபாதாநம், ஸஹகாரி, நிமித்தம் என்னும் மூன்றையும் இடைச்சொற்களாலேயே வேறுபடுத்த அம்மொழியில் இடமுண்டு. அச்சொற்களை அதனதன் இடமறிந்து வைக்காமல் நிறம் மாற்றுவதற்காக இறைப்பதே குற்றம்.

இனி, நாம் கொண்ட பொருளுக்குத் தலையாய உதாரணத்துக்கு வருவோம். ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் ஸூத்ரம், இவ்வுலகின் பிறப்பு முதலியன எதனின்றோ அதுவே ப்ரஹ்மம் என்று லக்ஷணம் கூறுவது. அங்கே ‘யத:’ என்னும் ஒரு சொல்லின் மீதே காரண விசாரம் முழுவதும் நிற்கின்றது. இதற்கு விஷயவாக்யமான தைத்திரீய ச்ருதியோ மூன்று விபக்திகளை ஆள்கின்றது. பிறப்பதற்கு ‘யத:’ என்று பஞ்சமீ. வாழ்வதற்கு ‘யேந’ என்று த்ருதீயா. சென்று புகுவதற்கு ‘யத்’ என்று த்விதீயா. ச்ருதி சொல்லை மாற்றியது அலங்காரத்துக்காக அன்று, பொருள் மாறியதனால். ஸூத்ரகாரரோ மூன்றையும் திரட்டி ஒரே ‘யத:’ என்பதில் அடக்கினார். ஆகவே ச்ருதியை மொழிபெயர்ப்பவர் மூன்று சொல் வைக்கக் கடவர். ஸூத்ரத்தை மொழிபெயர்ப்பவர் ஒன்றே வைக்கக் கடவர். மூலம் மாறுமிடத்து மாறுதலும், மூலம் நிற்குமிடத்து நிற்றலும் என்பதே மொழிபெயர்ப்பாளர் கொள்ள வேண்டிய விதி.

ஜார்ஜ் திபோ என்னும் ஜெர்மானியப் பண்டிதர் சங்கரபாஷ்யத்தை 1890லும் 1896லும் இரு பகுதிகளாகவும், ஸ்ரீபாஷ்யத்தை 1904லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மாக்ஸ் முல்லர் பதிப்பாசிரியராயிருந்து தொடங்கிய கீழைநாட்டுப் புனித நூல் வரிசையில் இவை 34, 38, 48ஆம் தொகுதிகள். சங்கரபாஷ்ய மொழிபெயர்ப்பின் முன்னுரையிலேயே, ஸூத்ரகாரரின் திருவுள்ளத்துக்குப் பல இடங்களில் ராமாநுஜரின் உரையே நெருங்கியது என்று நடுநிலையோடு எழுதியவர் அவர். அவருடைய உழைப்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அவர் சொற்களை நுணுகி ஆராய்வதும் அக்கடப்பாட்டின் ஒரு பகுதியே.

அவர் இரண்டு பாஷ்யங்களிலும் ‘யத:’ என்பதற்கு ‘ஃப்ரம்’ என்றே வைத்தார். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சங்கரர் ப்ரக்ருத்யதிகரணத்தில், இப்பஞ்சமீ மேற்காட்டிய பாணிநியின் 30ஆம் ஸூத்ரத்தினால் ப்ரக்ருதியையே குறிப்பதென்று சாதிக்கிறார். நம் பரம்பரையிலோ, இது ஹேதுவைக் குறிக்கும் பஞ்சமீ என்று கொள்வர். பிறப்புக்கு மட்டுமன்றி ஸ்திதிக்கும் லயத்துக்கும் அச்சொல் பொதுவாக நிற்க வேண்டுதலின். ஒன்று மற்றொன்றினின்று பிறக்கும் என்னலாம். ஒன்றினின்று நிலைபெறும் என்றல் பொருந்தாது. ஆகவே விபக்தியின் வடிவம் ஒன்றேயாயினும் அதன் பொருளைக் கொள்ளும் வழி இரு பாஷ்யமரபுகளிலும் வேறு. இரண்டுக்கும் ஒரே ‘ஃப்ரம்’ தகுமோ எனின், தகும் என்பதே அடியேன் துணிபு. நம் ஐந்தாம் வேற்றுமையைப் போலவே அவ்வாங்கிலச் சொல்லும் நீங்கலையும் ஏதுவையும் ஒருங்கே தாங்க வல்லது. ஊரினின்று வந்தான் என்பதற்கும் பசியினால் இறந்தான் என்பதற்கும் அவர்கள் ‘ஃப்ரம்’ என்றே கூறுவர். மூலத்தில் எவ்வளவு இடம் திறந்திருக்கின்றதோ அவ்வளவையே திறந்து வைத்தது திபோவின் சொல். ஆயினும் வழி வேறுபடுகின்றது என்பதற்கு ஒரு குறிப்பு சேர்த்திருப்பின் ஆங்கில வாசகர் இன்னும் தெளிவு பெற்றிருப்பர்.

மூலத்தில் வினைச்சொல் இல்லாமையால் அவர் அடைப்புக்குறிக்குள் ‘ப்ரொஸீட்’ என்று ஒரு வினையைக் கூட்டினார். இச்சொல் ஆங்கிலேயர் செவியில் வெறுஞ்சொல்லாக விழுவதன்று. அவர்கள் மதத்தின் விசுவாச ப்ரமாணத்தில், பரிசுத்த ஆவி பிதாவினின்று வருதலைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றனர். படைக்கப்பட்ட பொருள்களுக்கு இதனை ஆள்வதில்லை. ஆயினும் திபோவின் வாக்யத்தில் புறப்படுவதாகக் கூறப்பட்டது உலகம் அன்று. உலகின் பிறப்பு முதலியனவே. பிறப்பித்தல், நிறுத்தல், ஒடுக்கல் என்னும் வ்யாபாரங்கள் ப்ரஹ்மத்தினின்று ப்ரவர்த்திக்கின்றன என்பது நம் பாஷ்யத்துக்கும் ஒத்ததே. இதனைச் சுருக்கி, உலகமே ப்ரஹ்மத்தினின்று ‘ப்ரொஸீட்’ ஆகின்றது என்று எழுதினால் பொருள் சரிந்துவிடும்.

பிற வினைகளும் இவ்வாறே தத்தம் சுமையோடு வருவன. ‘க்ரியேட்’ என்றால் ஒன்றுமில்லாமையினின்று உண்டாக்குதல் என்பது அவர்கள் மதநூலார் கொள்கை. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் ஸத்கார்யவாதிகளாகிய நமக்கு அது ஆகாது. ஆரம்பணாதிகரணம் முழுவதும் இதற்கு எதிர்ச்சான்று. ‘எமனேட்’ என்றால் சுடரினின்று ஒளி பரவுவதுபோல இச்சையின்றி வழிந்தொழுகுதல் என்று யவன தத்துவத்தைக் கற்றோர் கொள்வர். ஈச்வரன் ஸங்கல்பித்தே ஸ்ருஷ்டிக்கிறான் என்று சாதிக்கும் நமக்கு அதுவும் ஆகாது. ‘அரைஸ்’ என்னும் எளிய சொல் இவ்விரு சுமைகளும் இல்லாதது. நடை சலிக்கும் என்று அஞ்சி ஒரே பக்கத்தில் இம்மூன்றையும் மாறி மாறி எழுதுபவர், தாம் அறியாமலே மூன்று மதங்களை ஒரு பக்கத்தில் கலந்து தருகின்றார்.

ப்ரஹ்மத்தின் காரணத்வத்தைக் கூறுமிடத்து மேலும் ஒரு சங்கடம் உண்டு. ஸூக்ஷ்மமான சித்தையும் அசித்தையும் சரீரமாக உடைய ப்ரஹ்மம் உபாதாந காரணம். ஸங்கல்பத்தோடு கூடிய அதுவே நிமித்த காரணம். காலம் முதலியவற்றுக்கு அந்தர்யாமியாய் நிற்கும் அதுவே ஸஹகாரி காரணம் என்று யதீந்த்ரமததீபிகை முதலிய நூல்கள் வகுக்கின்றன. பிள்ளைலோகாசார்யரும் தத்வத்ரயத்தில் ஈச்வரனே மூவகைக் காரணமும் என்று ஸ்தாபித்து, தன்னிடத்தினின்றே நூலை உமிழ்ந்து மீள விழுங்கும் சிலந்தியின் ஸ்வபாவத்தை உதாரணமாக எடுத்தார். இங்கே ‘பை’ என்று மட்டும் எழுதினால் ப்ரஹ்மம் குயவனைப் போன்ற நிமித்த மாத்ரமாய் முடியும். ‘அவுட் ஆஃப்’ என்று மட்டும் எழுதினால் மண் குடமாவதுபோல ப்ரஹ்மஸ்வரூபமே விகாரப்படுகின்றது என்னும் ஐயம் எழும். விகாரமோ சரீரமான சிதசித்துக்களிடத்து நிற்பதேயன்றி ஸ்வரூபத்தைத் தீண்டாது என்பதன்றோ ஸித்தாந்தம். ஆகவே மூலம் பொதுவாகக் கூறுமிடத்து ‘ஃப்ரம்’ என்று நிறுத்தி, மூலமே உபாதாநம் நிமித்தம் என்று பிரிக்குமிடத்து மட்டும் பிரித்துரைக்கும் சொற்களை வைப்பதே முறையாகும்.

அடுத்து, பொருளைப் பிறப்பிக்கும் காரணம் ஒன்று, பொருளை அறிவிக்கும் காரணம் ஒன்று என்னும் பேதம். முன்னது காரக ஹேது; பின்னது ஜ்ஞாபக ஹேது. மலையில் தீ உண்டு, புகையிருத்தலால் என்னும்போது புகை தீயைப் பிறப்பிக்கவில்லை. தீ உண்டென்னும் அறிவையே பிறப்பிக்கின்றது. தமிழிலும் ஸம்ஸ்க்ருதத்திலும் இரண்டுக்கும் உருபு ஒன்றே. ஆங்கிலத்தில் மலையின் தீ புகைக்கு ‘ட்யூ’ என்று எழுதினால் சிறு பிள்ளையும் நகும். எனினும் அதற்கு நிகரான பிழை வேதாந்த மொழிபெயர்ப்பில் நேர்ந்தால் நகுவார் இல்லை. ஏனெனில் அங்கே பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஸூத்ரங்களில் பெரும்பாலானவை பஞ்சமியில் முடியும் ஹேதுக்களே. அவையும் பெரும்பாலும் ஜ்ஞாபக ஹேதுக்களே. திபோ அவற்றைப் பல இடங்களில் ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப்’ என்று பெயர்த்தார். ஒன்றுக்கு ஒன்றாய் நிலைநிறுத்திய ஒழுங்கு பாராட்டத்தக்கது. ஆயினும் அத்தொடர் இருவகை ஹேதுவுக்கும் பொது. ப்ரக்ருத்யதிகரணத்தின் முதல் ஸூத்ரம், ப்ரதிஜ்ஞைக்கும் த்ருஷ்டாந்தத்துக்கும் முரண்படாமையால் ப்ரஹ்மம் உபாதாநமும் ஆகும் என்கிறது. முரண்படாமை நம் நிச்சயத்துக்கு ஹேதுவேயன்றி ப்ரஹ்மம் உபாதாநமாவதற்கு ஹேதுவன்று. பெயர்ச்சொல்லோடு சேரும் தொடரை விடுத்து, ‘ஸின்ஸ்’ என்றோ ‘ஃபார்’ என்றோ ஒரு முழு வாக்யத்தைத் தொடுத்திருந்தால், இது யுக்தி கூறுதல் என்பது ஐயமறத் தெளிவாயிருக்கும்.

மூன்றாம் ஸூத்ரத்தில் அவர் செய்ததே இதற்குச் சான்று. அங்கே ‘யோநி’ என்னும் காரணச்சொல் தொகைக்குள்ளும், ஹேதுப்பஞ்சமீ அதன் புறத்தும் நிற்கின்றன. சாஸ்த்ரமே ப்ரஹ்மத்தை அறிவதற்கு யோநி, அதாவது ப்ரமாணம், ஆதலால் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் கொண்ட பொருள். திபோ உள்ளே நிற்பதற்கு ‘ஸோர்ஸ்’ என்றும் புறத்தே நிற்பதற்கு ‘பிகாஸ்’ என்றும் வைத்தார். ஆற்றின் ஊற்றையும் செய்தியின் தோற்றுவாயையும் ஒருங்கே குறிக்கும் ‘ஸோர்ஸ்’ அறிவுக் காரணத்துக்கு மிகவும் இயைந்தது. ‘காஸ்’ என்று வைத்திருப்பின் சாஸ்த்ரம் ப்ரஹ்மத்தையே பிறப்பித்ததாக ஓர் அபத்தம் தலைகாட்டியிருக்கும்.

இதுகாறும் கூறியன தத்வத்தைப் பற்றியவை. ஹிதத்தைப் பற்றிக் கூறுமிடத்தோ சொற்பிழை வாசிப்பவரின் அநுஷ்டாநத்தையே தொடும். ‘ட்யூ டு’, ‘ஓயிங் டு’ என்னும் இரண்டில் எது எவ்விடத்துத் தகும் என்று ஆங்கில இலக்கணிகள் வாதிட்டனர். 1926இல் வெளிவந்த ஃபௌலரின் சொல்லாட்சி நூல், முன்னதைப் பெயரோடு இயைக்காமல் வினையோடு இயைப்பதைக் கண்டித்தது. நாம் நோக்க வேண்டுவது வேறு. ‘ட்யூ’ என்பதற்கும் ‘ஓயிங்’ என்பதற்கும் அடிப்பொருள் கடன், கொடுக்க வேண்டியிருப்பது. ‘அக்கவுண்ட்’ என்பதோ கணக்கு. மூன்று தொடர்களும் கணக்கெழுதுவோர் ஏட்டினின்று வந்தவை. மழையின்மையால் பயிர் வாடியது என்பது போன்ற வாக்யங்களில் இவ்வாசனை தோன்றாது. பகவானின் அருளைக் கூறுமிடத்தில் இது தோன்றாதிராது. ஒருவன் சரணம் புகுந்தான். அதற்கு ‘ட்யூ’ ஆக மோக்ஷம் கிடைத்தது என்று எழுதினால், எம்பெருமான் கடனாளியாகவும் சரணாகதி கூலிக்குச் செய்த வேலையாகவும் ஆகிவிடுகின்றன.

இங்கே நம் இரு மரபுகளும் வேறுபடுமிடம் வேறு, ஒன்றுபடுமிடம் வேறு. ஸ்வாமி தேசிகன் மரபில், எம்பெருமானே ஸித்தோபாயம். அவன் காருண்யம் ஸ்வாபாவிகம். ப்ரபத்தி அவ்வருளைப் பிறப்பிப்பதன்று; ஸர்வேச்வரனுக்குப் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் வாராதபடி அருள் பாய ஒரு வ்யாஜமாய் நிற்பது. பிள்ளைலோகாசார்யர் மரபில் க்ருபை நிர்ஹேதுகம். ப்ரபத்தியை உபாயமென்று எண்ணுதலும் ஆகாது. அது அதிகாரிக்கு விசேஷணமாம் அத்தனை. இவ்விரண்டில் எதனைக் கொண்டாலும், ப்ரபத்தி க்ருபைக்கு உத்பாதக காரணம் அன்று என்பது ஒத்த முடிபு. ஆகவே ‘பிகாஸ் ஆஃப்’ முதலியன இருவர்க்கும் புறம்பு. முந்தைய மரபின் நூல்களுக்கு ‘அபான்’ என்றோ ‘ஆன் தி ஒகேஷன் ஆஃப்’ என்றோ எழுதலாம். ‘ப்ரிடெக்ஸ்ட்’ என்பதில் வஞ்சகத்தின் வாடை இருத்தலால் வ்யாஜத்துக்கு அது தகாது. பிந்தைய மரபின் நூல்களுக்குக் காரணத் தொடரே இன்றிக் க்ருபையை எழுவாயாக்கி, க்ருபை செய்தது என்று வாக்யத்தை அமைத்தலே நன்று.

இத்தகைய நுண்மை ஆங்கிலத்துக்கு அந்நியமன்று. 1611இல் வெளியான அவர்களுடைய விவிலிய மொழிபெயர்ப்பில், எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், மீட்பில் அருளுக்கு ‘பை’ என்றும் விசுவாசத்துக்கு ‘த்ரூ’ என்றும் வேறு வேறு இடைச்சொல் வைத்தனர். அவ்விரண்டையும் இடம் மாற்றினால் தம் சமயமே மாறிவிடும் என்பதை அவர்கள் அறிவர். தம் நூலுக்கு அவர்கள் காட்டும் எச்சரிக்கையை நம் நூலுக்கு நாம் காட்டாதிருத்தல் எவ்வாறு?

நம் வ்யாக்யாதாக்களின் மணிப்ரவாளத்தைக் கூர்ந்து பார்ப்பார்க்கு இதற்கு வழியும் அங்கேயே கிடைக்கும். ‘ஆலே’, ‘அடியாக’, ‘ஹேதுவாக’, ‘நிபந்தநமாக’, ‘வ்யாஜமாக’ என்று காரணம் குறிக்கும் பல சொற்களை அவர்கள் ஆள்கின்றனர். க்ருபை அடியாக என்னும்போது அடி என்பது வேர். மேலே காணும் யாவும் அவ்வேரிலே நிற்கின்றன என்பது கருத்து. அதற்கு ‘ரூட்டட் இன்’ என்னும் ஆங்கிலத் தொடர் அணுக்கமாய்ப் பொருந்துகின்றது. ‘ஹேதுவாக’ என்று வெளிப்படக் கூறுமிடத்து ‘காஸ்’ என்றே எழுதலாம். ‘ஆலே’ என்பது கருத்தாவையும் கருவியையும் ஏதுவையும் குறிக்குமாதலின், முன்பின் நோக்கி ‘பை’, ‘வித்’, ‘பிகாஸ் ஆஃப்’ என்பவற்றுள் தக்கதைத் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நூலின் முகப்பிலேயே இச்சொல்லுக்கு இச்சொல் என்று ஓர் அட்டவணை வைத்து, முடிவு வரையில் அதனின்று வழுவாதிருத்தல் கடன்.

அவ்வாறு செய்தால் ஆங்கில நடை இனிமை குன்றுமே எனின், குன்றட்டும். நம் பாஷ்யகாரரும் வ்யாக்யாதாக்களும் ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் பத்துமுறை கூறத் தயங்கினாரல்லர். வாசிப்பவர்க்குப் பொருள் பிறழாமையே அவர்கள் நோக்கம். சலிப்பு ஒரு நாழிகையில் தீரும். மாறாகக் கொண்ட பொருள் தலைமுறை கடந்தும் தீராது. வேற்றுமொழியில் நம் ஸம்ப்ரதாயத்தைக் கற்கும் பிள்ளை ஒருவன், எம்பெருமான் தனக்குக் கடன்பட்டவன் என்று எண்ணாமல், தான் அவன் க்ருபையடியாக நிற்பவன் என்று உணர்ந்தால், அந்த மொழிபெயர்ப்பாளர் தம் கைங்கர்யத்தைச் செய்தவராவர். இது விஷயத்தில் இருமொழியும் வல்ல பெரியோர் மேலும் ஆராய்ந்து, ஒரு பொதுச் சொல்லட்டவணையை வகுத்தருள வேண்டுமென ப்ரார்த்தித்து அமைகின்றேன்.